வாலில் தங்கிய மருந்து

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து வந்ததில் கால் வீங்கியது தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் பாப்பா கண்ணை மூடி இன்றோடு இருபது நாள். முகம் பார்க்கவும் முடியாமல் மூன்றாம் நாள் வந்தேன். ஐந்தாம் நாளே கிளம்பிவிட்டேன். "எலிகள் தயார், ஊசி போட ஆளில்லை" என்று தந்தி வந்தால் கிளம்பிவிடுவதா என்று ரயிலில் எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன். நீ கதவருகே நின்று "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காலை மாத்திரையை மறக்காதே. கழுத்துக் கட்டிக்காகத் தைராய்டு சுரப்பியை எடுத்ததிலிருந்து ஆறு வருஷமாக அந்த ஒரு மாத்திரைதான் உன்னை ஓட்டுகிறது. துக்கம் வந்த வீட்டில் முதலில் மறந்துபோவது மருந்துதான்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. அந்த மருந்து நாற்றத்தில் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடாதே.

ஐந்தாம் நாள் போனதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வேலை என்றால் வேலைதான். எனக்குத் தெரியாததா?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னைப் போர்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். நானே கேட்டு வாங்கினேன். பதினோரு வருஷம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாடியில் டைரக்டரி பிரிவுக்கு வந்துவிட்டேன். இடம் மாறியவர்கள், இல்லாமல் போனவர்கள் பெயரைச் சிவப்பு மையால் அடிக்கிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் அம்மாவுக்கு வருத்தம். "இவ்வளவு நல்ல குரல வெச்சுக்கிட்டு ஏன் மேல போறே?" என்று கேட்டார். தொண்டை வலிக்கிறது என்றேன்.

அத்தான் எட்டாம் நாளே பஸ்ஸை எடுத்துவிட்டார். பழைய ரூட்தான்.

என்னைக் கூப்பிட வேண்டுமென்று எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்யாதே. அங்கே ஒரு லைனில் ஒன்பது காது இருக்கும். கடிதமே எழுது. உன் எலிகளை என்னதான் செய்கிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. படிக்க ஏதாவது இருந்தால் தேவலை.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. நான் சுகம். நீ கேட்டதால் எழுதுகிறேன், அலுத்தால் மடித்து வைத்துவிடு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தெட்டு எலிகள். உனக்குச் செய்தது போலவே எல்லாவற்றுக்கும் தைராய்டை எடுத்தாயிற்று. சொந்தமாக அந்தச் சுரப்பு ஊறாது, வெளியிலிருந்து நாங்கள் ஏற்றுவதுதான். வாலில் ஓடும் ரத்தக் குழாயில் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றுவோம். அதில் துளி கதிரியக்கம் கலந்திருக்கும். பிறகு மதியம், மாலை, மறுநாள் காலை என்று சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து எண்ணும் கருவியில் வைத்தால், எவ்வளவு மிச்சம் என்று அது டிக் டிக்கென்று சொல்லிவிடும். உடம்பு அந்த மருந்தை எவ்வளவு வேகத்தில் கரைத்து வெளியே தள்ளுகிறது என்பது அப்படித்தான் தெரியும்.

கரைப்பது கல்லீரலும் சிறுநீரகமும் என்று எல்லோருக்கும் தெரியும். மூளைக்கும் அதில் பங்கு உண்டா என்பது எங்கள் பேராசிரியரின் கேள்வி. "வீட்டக் கூட்டுறது கீழ இருக்கிற ஆளுங்கதான். ஆனா வேகமா கூட்டு, மெதுவா கூட்டுன்னு மாடியில இருந்து யாராவது சொல்றாங்களா?" என்பார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தராசு. சிரிப்பைக்கூட எடை போட்டுத்தான் சிரிப்பார்.

அதற்காகப் பதினாறு எலிகளுக்கு மூளையின் அடியில் மிளகில் பாதி அளவு இடத்தைச் சுட்டுவிடுகிறோம். அது என் வேலை. மயக்கம் கொடுத்து, இரண்டு காதிலும் கம்பி வைத்துத் தலையைச் சட்டத்தில் இறுக்கி, ஊசியை இறக்கி, பத்து விநாடி மின்சாரம். இன்னொரு பதினாறுக்கு ஊசி மட்டும் இறங்கும், மின்சாரம் கிடையாது. மீதியைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் முதல் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே தையல்தான், ஒரு வித்தியாசமும் தெரியாது.

பாப்பாவுக்கு ஒரு எலியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. நீ சுகம்தானே?

ஊருக்கெல்லாம் குளிர் போய்விட்டது, எனக்கு மட்டும் போகவில்லை. ஆபீஸில் இரண்டு கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். "கரடி வந்தாச்சு" என்று பக்கத்து மேஜைக்காரி சொல்கிறாள். நல்லவள்தான்.

அத்தான் இழுத்துப்போய் டாக்டரிடம் காட்டினார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த தாளை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு வருஷமா நூறுலயே சரியா இருந்தீங்க. இப்ப எங்கம்மா போகுது இந்த மருந்தெல்லாம்?" என்றார். எனக்கென்ன தெரியும் என்றேன். நூறு மைக்ரோகிராம் மாத்திரையை நூற்றைம்பது ஆக்கியிருக்கிறார். மாதம் பிறந்தால் நானே கடைக்குப் போய் வாங்கிவந்துவிடுகிறேன். மாதக் கடைசியில் டப்பா காலி.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மின்சாரம் இல்லாமல் ஊசி மட்டும் இறக்குகிறீர்களே, அவை பாவம். எதற்கென்று அவற்றுக்குத் தெரியாது. மற்றவற்றுக்கும் தெரியாதுதான்.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் சுகம். சுகத்துக்கு மேலேயே இருக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

முதல் இரண்டு சுற்று எண்ணி முடித்தோம். மூளையில் காயம் பட்ட எலிகளின் ரத்தத்திலிருந்து மருந்து மற்றவற்றைவிட வேகமாகக் காணாமல் போகிறது. சில எலிகளில் பாதி நேரம்கூட ஆகவில்லை. தராசு தாளைப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் அகராதியில் அது கைதட்டல்.

அன்று மாலைதான் உன் கடிதம் கைக்கு வந்தது. "எங்கம்மா போகுது இந்த மருந்தெல்லாம்?" அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அக்கா, நீயும் சுரப்பி எடுத்தவள். உனக்கும் வெளியிலிருந்து ஒரே அளவுதான் போகிறது. மாறியது என்ன? உன் மனசு. அவ்வளவு பெரிய அடி பட்ட மூளை, மருந்தைச் சீக்கிரம் கரைத்துத் தள்ளச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. உன் மேல் தப்பில்லை, உன் உடம்பு மேலும் இல்லை. அளவைக் கூட்டினால் சரியாகிவிடும்.

டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன். எங்கள் எண்ணிக்கைகளை எழுதி, இருநூறு வரை கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறேன். தராசிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் "எலி வேற, அக்கா வேற" என்பார்.

உன் எலிக்காரத் தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை டாக்டர் என் எதிரிலேயே சத்தமாகப் படித்தார். "உங்க தம்பி விஷயம் தெரிஞ்சவர்" என்றார். இருநூறு ஆக்கிவிட்டார். அத்தானுக்குப் பெருமை. டிப்போவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், என் மைத்துனன் மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவன் என்று. அந்தப் பழமொழிக்கு அர்த்தம் அதில்லை என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை.

என் குரல் கட்டிவிட்டது. கீழே போர்டுக்கு உள்போனில் பேசினேன். நான் பழக்கிவிட்ட பெண்தான். "சார், உங்களுக்கு யார் வேணும்?" என்கிறாள்.

முடி கொட்டுகிறது. அது போகட்டும்.

இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அக்கா

ஜூன் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதை டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது.

அவள் எழுதுவதை வைத்து நீ எதையும் முடிவு செய்யாதே. வேலைக்குப் போய் மூன்று வாரமாகிறது. முகம் வீங்கி, கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் ஷூவைக் கட்டி முடித்துவிடுகிறேன். போன செவ்வாய் குளியலறையில் விழுந்தாள். தூக்கினேன். கல் மாதிரி ஜில்லென்று இருந்தாள். "விட்டுடுங்க, இங்கயே கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றாள். ஈரத் தரையில்.

பாப்பாவின் அறையைத் திறக்கவில்லை. அவளைப் பற்றிப் பேசுவதுமில்லை. நான் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாள். நானும் நிறுத்திவிட்டேன்.

டாக்டர் இன்னும் அளவைக் கூட்டப் பயப்படுகிறார். மருந்து ஒழுங்காகத்தான் எடுக்கிறாள், டப்பா மாதாமாதம் காலியாகிறது. நீ எழுதிய மாதிரி மூளைதான் தின்கிறது என்றால், அந்த மூளையை என்ன செய்வது? அதற்கு ஏதாவது மருந்து உண்டா? உன் பேராசிரியரைக் கேட்டுச் சொல்.

உன் அத்தான்

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எனக்கு எழுதினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை, தெரிந்துவிட்டது.

அத்தான் கடிதத்தைத் தராசிடமே கொண்டுபோனேன். டாக்டருக்கு நான் எழுதியதையும் ஒப்புக்கொண்டேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. எங்கள் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். மிக வேகமாக மருந்தை இழந்தவை என்று நான் கொண்டாடிய மூன்று எலிகளைத் தொட்டுக் காட்டி, "இந்த மூணுக்கும் வால எண்ணினியா?" என்று கேட்டார்.

எண்ணவில்லை. ஊசி போட்ட இடத்தையும் கடைசியில் வெட்டி எண்ண வேண்டும் என்பது விதி. அந்தச் சுற்றில் அவசரத்தில் விட்டுவிட்டேன். நல்ல வேளையாக வால்கள் குளிர்பெட்டியில் இருந்தன. அன்றே எண்ணினேன். வாலை வைத்ததும் கருவி பொரிய ஆரம்பித்தது. ஏற்றிய மருந்தில் பாதிக்கு மேல் அங்கேயே கிடக்கிறது. என் கை தவறி ஊசி குழாய்க்கு வெளியே சதையில் இறங்கியிருக்கிறது. உடம்பு அந்த மருந்தை வேகமாகத் தள்ளவில்லை அக்கா. அது உடம்புக்குள் போகவே இல்லை.

மூன்றையும் நீக்கினால் வித்தியாசம் பாதியாகிவிடுகிறது. மறைந்துவிடவில்லை, மூளைக்கு ஏதோ பங்கு இருக்கலாம். ஆனால் தராசு சொன்னது என் மண்டையிலேயே நிற்கிறது. "போனது எங்கன்னு தேடறதுக்கு முன்னாடி, உள்ள போச்சான்னு பாக்கணும்ல?"

உன்னிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. டாக்டரும் கேட்கவில்லை. டப்பா காலியாவதை மட்டும் எல்லோரும் பார்த்தோம்.

அக்கா, நீ அந்த மாத்திரையை விழுங்குகிறாயா?

தம்பி

ஆகஸ்ட் 1

அன்பான தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் இன்று நன்றாக இருக்கிறேன். முழுப் பக்கம் எழுதப் போகிறேன், தூக்கம் வரவில்லை.

விழுங்கவில்லை.

உன் கடிதத்தை ஐந்து நாள் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். ஆறாம் நாள் அத்தான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "முழுங்கறியா?" என்று உன் கேள்வியையே கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து பெரிதாக அழுதார். பாப்பாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் மறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஞாபகம் இருந்தது, ஆனால் டப்பாவைத் திறந்து கையில் கொட்டியதும், இது எதற்கு என்று இருந்தது. நாளைக்கும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் போடுகிற மாத்திரை அது. வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எப்போதாவது பயம் வந்தால் ஒன்று போட்டுக்கொள்வேன்.

உன் கடிதத்தை டாக்டர் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. நீ அவ்வளவு கஷ்டப்பட்டு எனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறாய், நான் உன் எலிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இப்போது அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அழைப்பு என் போர்டுக்குத்தான் வந்தது. "எக்ஸ்சேஞ்ச்" என்று சொன்னதே நான்தான். டீச்சருக்கு என் குரல் தெரியும். "பாப்பாவுக்கு வயித்து வலி, அழறா, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். போர்டில் பதினேழு அழைப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிய மூன்று மணி நேரம். "கொஞ்சம் படுக்க வைங்க டீச்சர், முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். பிளக்கைப் பிடுங்கி அடுத்த அழைப்பில் போட்டேன். நான் போகும்போது குடல்வால் வெடித்திருந்தது. மூன்று மணி நேரம் முன்னால் என்றால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னாள். என் காது போர்டில் பழகின காது, அடுத்த அறைப் பேச்சும் கேட்கும்.

அத்தானுக்கும் இப்போதுதான் தெரியும். "எனக்கு வந்திருந்தாலும் நானும் ட்ரிப்ப முடிச்சிட்டுத்தான் வந்திருப்பேன்" என்றார். அது உண்மையோ பொய்யோ, அந்த வார்த்தை போதும் எனக்கு.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரே மாத்திரையை என் நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். இன்று ஒன்பதாவது. டாக்டர் சொன்ன அதே இருநூறு. டாக்டரிடம் மட்டும் எதையும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்த சோதனையில் தானாகச் சரியாக வரட்டும், உன் எலிகளுக்கே அந்தப் பெயர் கிடைக்கட்டும்.

உடம்பில் சூடு வருகிறது தம்பி. நேற்று ஒரு கம்பளியைக் கழற்றினேன். நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது, மாடி ஏறினால் இடது தோள்வரை இழுத்துப் பிடிக்கிறது. இத்தனை நாள் படுத்துக் கிடந்த உடம்பு, எழுந்தால் அலுத்துக்கொள்ளாதா? ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் அறையைத் திறந்து பெருக்கினேன்.

நீ கேட்டதால்தான் இது. வேறு யாரும் கேட்கவில்லை.

உன் அக்கா

ஆகஸ்ட் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். நீ வந்து சேர மூன்று நாள், வைத்திருக்க முடியாது என்றார்கள். அதனால்தான் வர வேண்டாம் என்று அதிலேயே சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள். எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், எழுதுகிறேன்.

ஆறாம் தேதி காலை மாத்திரை கொடுத்தேன். வாயைத் திறந்து காட்டி, "போதுமா வாத்தியாரே" என்று கேலி செய்தாள். தலை சீவிக்கொண்டு, உங்கள் முதல் ட்ரிப்பில் நானும் வருகிறேன் என்றாள். கல்யாணமான புதிதில் வருவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கடைத்தெரு வரை பேசிக்கொண்டே வந்தாள், இந்தக் கடை எப்போது பச்சை ஆனது, அந்த மரத்தை யார் வெட்டினார்கள் என்று. பாலத்துக்குப் பிறகு பேச்சில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் குலுங்கக் கூடாதென்று பதினோரு ஸ்டாப்புக்கும் பிரேக்கை மெதுவாகப் போட்டேன்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கின பிறகு எழுப்பப் போனேன்.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இதயத்தில் ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. நன்றாகத் தேறி வந்தாள், நீயே அவள் கடிதத்தில் பார்த்திருப்பாய். பிறகு ஏன்? உனக்கு இந்த மருந்து விஷயம் தெரியும். எனக்கு மறைக்காமல் சொல்.

அத்தான்

ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. வேளைக்கு ஏதாவது சாப்பிடுங்கள்.

தந்தி வந்த மறுநாள் அக்காவின் கடிதம் வந்தது. அதைத் தராசிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இருநூறா? எடுத்த எடுப்பிலேயேவா?" என்றார்.

உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். அவள் விதி என்று எழுதி ஒரு தாளைக் கிழித்தேன். இனி நம் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் அந்தச் சுரப்பு இல்லாமல் இருந்த உடம்பில் இதயமும் மெதுவாகி, சோர்ந்து கிடக்கும். அதற்குத் திடீரென்று முழு அளவைக் கொடுத்தால் தாங்காமல் போகலாம். கால் மாத்திரையில் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்ற வேண்டுமாம். டாக்டருக்கு உண்மை தெரிந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். தோள்வரை இழுக்கிறது என்று எழுதியிருந்தாளே, அது அலுப்பு அல்ல. அதனால்தான் போனாள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

அந்த இருநூறு என்னால் வந்தது. நான் டாக்டருக்கு எழுதாமல் இருந்திருந்தால் அது நூற்றைம்பதோடு நின்றிருக்கும். விழுங்குகிறாயா என்று கேட்டவன், இல்லையென்றால் முதலில் டாக்டரிடம் போ என்று ஒரு வரி சேர்த்து எழுதவில்லை. எங்கள் எலிகளுக்கு நாங்கள் கொடுப்பது துளி. பட்டினி கிடந்த இதயத்துக்கு முழு அளவு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவன் தெரிந்தவன் மாதிரி எழுதினேன். நீங்கள் கொடுத்தது டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு. உங்கள் கையில் தப்பில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

உங்கள் மைத்துனன்

செப்டம்பர் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாலு வாரமாகிறது. எனக்கு உடம்பு பரவாயில்லை. உனக்கு எப்படி என்று இன்றுதான் கேட்கத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், அது வரை உன்னைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஓட்டினேன். ஒரு நாள் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டேன்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவள் ஃபைலிலிருந்து நீ அவருக்கு எழுதின கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இதப் படிச்சதும் எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு, காரணம் கெடச்சிடுச்சேன்னு. முழுங்கறீங்களான்னு நானும் கேக்கல" என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை.

என் கையில் தப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். சத்தியம் வாங்கினாள், நான் கொடுத்தேன். மாடிப்படியில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை இரண்டு முறை பார்த்தேன். கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பிவிடுகிற வீடாகத்தான் நாங்கள் இருந்திருக்கிறோம். ஆகவே உன் பங்கை நீ வைத்துக்கொள், என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன். மொத்தத்தையும் நீயே தூக்கிக்கொண்டு போக நான் விடமாட்டேன்.

நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நிம்மதியாகக்கூட இருந்திருப்பேனோ என்னவோ. ஆனாலும் சொன்னதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இனி எழுதாதே. லீவு சொல்லிவிட்டு வா. எனக்கு ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியவில்லை மாப்பிள்ளை. கை தானாக மூன்று பேருக்கு அரிசியை அள்ளிவிடுகிறது. திரும்பக் கொட்டவும் முடியவில்லை, தின்று தீர்க்கவும் முடியவில்லை.

அத்தான்